இரவல் பனிக்குடம்

மே மாதம். ஐஸ்லாந்தின் வடகரையில்
இரவு இருட்டாது.
கொட்டில் சன்னலில் ஒரு மணி வெளிச்சமும்
நாலு மணி வெளிச்சமும் ஒன்றுதான்.
ராத்திரிக் காவல் எனக்கு.
தெர்மோஸில் காபி, வாளியருகே அயோடின்,
வானொலியில் மீன்படகுகளுக்கான வானிலை.

குட்டிக்கு முதலில் யாரையும் தெரியாது.
நனைந்தபடி எழுந்து, விழுந்து, எழுந்து
கதவுச் சட்டத்தை முட்டும்,
என் ரப்பர் பூட்ஸைச் சப்பும்.
ரோமமில்லாத வெதுவெதுப்பு ஒன்று
எங்கோ இருக்கிறது என்பது மட்டும்
அதற்குத் தெரியும்.
முதலில் அறிகிறவள் தாய்.
நக்குகிறாள். வாய் திறக்காமல்
தொண்டைக்குள்ளேயே கனைக்கிறாள்,
மற்ற மாதங்களில் கேட்காத குரலில்.
கொஞ்ச நேரம்தான் அந்த வாசல் திறந்திருக்கும்.
பிறகு வருகிற குட்டிக்குத்
தலையால் ஒரு முட்டு.

நாற்பத்தேழாம் எண்ணுக்குச் செத்துப் பிறந்தது.
ஓர்னோல்ஃபர் அதை உரச்சாக்கில் போட்டு
அவள் திரும்புமுன் வெளியே கொண்டுபோனார்.
"அந்த மூணாவதைக் கொண்டு வா, ஹல்பெரா."
மூணாவது:
இரண்டே காம்புள்ள ஒருத்திக்கு
முந்தாநாள் கடைசியாய் வந்தது.
அதற்குள் ஓடக் கற்றுவிட்டது.
அதுதான் சிக்கல்.

வெந்நீரில் கழுவினேன், சொந்த வாசம் போக.
இவளுடைய பனிக்குட நீரில் புரட்டினேன்,
காது, முதுகு, முக்கியமாக வாலடி.
கால்களைத் துணிநாடாவால் கட்டினேன்.
நிற்கத் தெரிந்த உயிரை
நிற்கத் தெரியாததாக்கி
அவள் மூக்குக்கடியில், வைக்கோலில் வைத்தேன்.
துவண்டது. கோபமாய்க் கத்தியது.
புதுக்குட்டி அப்படிக் கத்தாது.

முகர்ந்தாள். நிறுத்தினாள்.
வடக்கே ஆறு மீட்டர் அலை என்றது வானொலி.
மறுபடி முகர்ந்தாள், வாலடியில்.
நாக்கை நீட்டினாள்.

கட்டை அவிழ்த்ததும் நேரே மடிக்குப் போனது
பழகிய திருடனைப் போல.

மூன்றாம் நாள் புல்வெளியில் விட்டோம்.
எண்பது தாய்கள், ஒரே இரைச்சல்.
நாற்பத்தேழு ஒருமுறை கூப்பிட்டாள்.
ஒன்றே ஒன்று தலை தூக்கி
ஓடை தாண்டி ஓடியது.
பெற்றவள் பக்கத்தில்தான் மேய்ந்தாள்,
நிமிரவில்லை.

ஒன்றை ஓர்னோல்ஃபரிடம் சொல்லவில்லை.
அன்று முழங்கைவரை நனைந்த ஸ்வெட்டரை
மறுநாளும் போட்டிருந்தேன்.
தண்ணீர் வைக்கக் குனிந்தபோது
என் வலது கையை முகர்ந்து
வாய் திறக்காமல் கனைத்தாள்.
என்னிடம்.
நெடுநேரம் கையை எடுக்கவில்லை நான்.

மாலையில் துவைத்துக் காயப்போட்டேன்.
அதற்குப் பிறகு அவளுக்கு நான்
வாளி கொண்டுவருகிற ஆள்.