செக்-அவுட் நேரம்

நிக்கல்சன் கால்வாய் இரவு ஒன்றரைக்கு
லாட்ஜ் படியேறி உள்ளே வந்தது.
அடையாள அட்டை கேட்க நேரமில்லை.
மரத்துண்டு கட்டிய சாவிகள்
மேசைக்கடியில் மிதந்தன.
மெயின் சுவிட்சை அணைத்தபோது
முழங்கால் வரை ஏறியிருந்தது.

கன்சால்பேட்டைக்காரர்களுக்கு
ஆட்டோவில் மைக் வந்து சொல்லிப் போனது,
தமிழில்.
மேல் மாடிகளில் படுத்திருந்தவர்களுக்கோ ஊர்
பாங்குரா, தன்பாத், துப்ரி.
எனக்குத் தெரிந்த வங்காளம் நான்கு சொல்:
வாடகை, சாவி, நாளை, தண்ணீர்.
கதவு கதவாகத் தட்டி "ஜோல், ஜோல்" என்று கத்தினேன்.
மூன்று அறைகளில்
காலி பாட்டிலை நீட்டினார்கள்.

கையைப் பிடித்து இழுத்து வந்து
படிக்கட்டின் கீழே டார்ச் அடித்தேன்.
அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆர்.ஐ.க்குப் போன் போட்டேன்.
"ரேஷன் கார்டு இருக்கிறவங்க லிஸ்ட்தான் எங்ககிட்ட.
லாட்ஜுல இருக்கிறது உங்க கெஸ்ட்டு."
ஓனருக்குப் போட்டேன்.
"அது கவர்மெண்டு வேலைப்பா.
நீ ரெஜிஸ்டரைப் பத்திரமா வை."

வைத்தேன். பாலிதீனில் சுற்றி, சட்டைக்குள்.
என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு
நாற்பத்தொரு பேர்.

வந்த நோக்கம் என்கிற கட்டத்தில்
எல்லோருக்கும் சுற்றுலா என்றே எழுதுவேன்.
ஓனர் உத்தரவு.
சிறுநீரகத்துக்காக வந்த அஞ்சுமன் பீபி, சுற்றுலா.
மகளின் ரத்தத்துக்காக வந்த நிரஞ்சன் மஹதோ, சுற்றுலா.
ஸ்ரீபுரம் பார்க்க வந்தது ஒரே ஒரு குடும்பம்;
பொன்னைப் பார்த்துவிட்டு வந்து தூங்கியவர்கள்
இப்போது தண்ணீரில் என்னோடு
பீபியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள்.
அவளோ ஸ்கேன் கவரை
தலைக்கு மேல் பிடித்திருந்தாள்,
தான் நனைந்தாலும் அது நனையாதபடி.

கல்யாண மண்டபத்தில் பூட்டு.
வாட்ச்மேன் தணிகாசலம் "ஆர்டர் இருக்கா?" என்றார்.
பிறகு நாற்காலியைப் பார்த்தார்.
சாவி மேனேஜர் வீட்டில்.
அவர் குனிந்து கல்லைத் தேடினார்.

மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பெயர்
தெர்மாகோலில், பாதி உதிர்ந்து.
அதன் கீழே உட்காரவைத்துத் தலை எண்ணினேன்.
நாற்பது.
மறுபடி எண்ணினேன்.
நாற்பது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ரெஜிஸ்டரைப் பிரித்தேன்.
இருநூற்று நான்கு. ஹரிபத தாஸ். தனி ஆள்.
பெயரின் மேல்
ஸ்கேல் வைத்து நான் போட்ட கோடு.
மதியம் பன்னிரண்டு மணி.
நானூறு ரூபாய் இல்லை அவரிடம்.
ரிசல்ட் நாளைக்கு வரும் என்றார்.
நாளை, எனக்குத் தெரிந்த சொல்தான்.

கணக்குப்படி நாற்பது சரி.
போலீஸ் வந்தாலும் சரி, ஓனர் வந்தாலும் சரி.
ஆர்.ஐ. காலையில் பிஸ்கட்டோடு வந்து எண்ணினாலும்
நாற்பது சரி.

தணிகாசலத்திடம் பேட்டரி வாங்கிப் போட்டேன்.
பஸ் ஸ்டாண்டில் இருக்கலாம்.
ஆஸ்பத்திரி வாசலில் இருக்கலாம்.
அகழி ஓரத்து பெஞ்சில் படுத்திருந்தால்,
அகழி எங்கே முடிகிறதென்று
இன்று யாரைக் கேட்பது?

போகுமுன்
அடித்த பெயரைக் கடைசியில் மறுபடி எழுதினேன்.
அறை எண் போடவில்லை.
நோக்கம் எழுதப் போய், பேனா ஈரத்தாளைக் கிழித்தது.
வந்த நேரத்துக்கான கட்டத்தைக்
காலியாக விட்டுவிட்டு
தண்ணீரில் இறங்கினேன்.