பதினான்கு

பீல் நகரத்தில் நவம்பர் என்றால்
ஏரி இருக்கிற இடத்தில் ஏரி இருக்காது.
வெள்ளையாய் ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.
ஏழு மணி பஸ்ஸில் வந்து
ஈய அங்கியை மாட்டுகிறேன்.
நெஞ்சில் குத்தும் சிறு பட்டை, அதில் என் பெயர்.
மாதம் முடிய அளக்க அனுப்புவோம்.
சம்பளச் சீட்டுக்கு முன்னால்
அந்தக் கடிதத்தைத்தான் பிரிப்பேன்.

இன்று மதாம் நிக்கோலே.
தபால் கந்தோரில் முப்பத்தொரு வருசம் சில்லறை எண்ணியவர்.
வலது நுரையீரலில், முதுகுப் பக்கமாய்,
பட்டாணி அளவில் ஒன்று.
குப்புறப் படுத்தபடி கேட்டார்:
"எத்தனை படம் எடுப்பாய்?"
யாரும் இதைக் கேட்பதில்லை.
வலிக்குமா, புற்றா, எப்போது வீட்டுக்கு, இவ்வளவுதான் கேட்பார்கள்.
"தேவையானது," என்றேன்.
"அது ஒரு எண் இல்லையே."

உண்மைதான்.
மிஷின் வந்தபோது அதற்குள் இருந்த அளவு
அழகான படத்துக்கான அளவு.
ஊசிக்கு அழகு வேண்டாம்.
நுரையீரல் முழுக்கக் காற்று. அதில் கட்டி
கரும்பலகையில் சுண்ணாம்புப் பொட்டு,
அரைக்கண்ணால் பார்த்தாலும் தெரியும்.
மின்னோட்டத்தை ஆறில் ஒன்றாக்கினேன்.
கழுத்திலிருந்து வயிறு வரை எதற்கு?
நான்கு விரல் அகலம் போதும்.
படம் ரவை கொட்டினதுபோல் வந்தது.
டொக்டர் எஷ்லிமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
பிழை கண்ணாடியில் இல்லை என்று கண்டு
என்னைப் பார்த்தார்.
பிறகு கட்டியைப் பார்த்தார்.
"இருக்கிறது."

மூச்சை எடுங்கள், விடுங்கள், அப்படியே நில்லுங்கள்.
ஊசி ஒரு சென்ரிமீற்றர் இறங்கும்.
எல்லோரும் ஈயக் கதவுக்குப் பின்னால்.
ஒரு படம்.
திரும்ப உள்ளே.
மிதியை அழுத்தியபடி
ஊசி ஓடுவதைப் பார்க்கிற வழியும் உண்டு. விரைவானது.
டொக்டரின் விரல்கள் கதிருக்குள் கிடக்கும்.
நாங்கள் நடக்கிறோம்,
கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில்,
கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் மாதிரி.

பதின்மூன்றாவதில் ஊசிமுனை பட்டாணிக்குள்.
ஒரு சொடுக்கு.
நூல்துண்டுபோல் சதை, போத்தலுக்குள்.
பதின்மூன்று!
ஜூனில் இதே அறையில் நாற்பது தாண்டியிருந்தோம்.
எனக்குள் யாரோ கைதட்டினார்கள்.

அப்போதுதான் அவர் இருமினார்.
"இன்னொன்று," என்றார் டொக்டர்.
ஒரு கணம், ஒரே கணந்தான்,
என் எண்ணைக் காப்பாற்றப் பார்த்தேன்.
இதை எழுத வெட்கமாயிருக்கிறது.
அழுத்தினேன்.
நுரையீரலின் ஓரத்தில்
நகம் வெட்டிப் போட்டாற்போல் ஒரு கரிய பிறை.
காற்று கசிந்திருந்தது.
காயம் கீழே வரும்படி மல்லாத்தி,
ஒக்சிசன் மாட்டி, காத்திருந்தோம்.

பின்னேரம் வார்டுக்குப் போனேன்.
பிறை வளரவில்லை.
"பதினான்கு," என்றேன்.
"நான் பதினேழு எண்ணினேன்."
"மூன்று, கட்டில் நகர்ந்த சத்தம். அதில் கதிர் இல்லை."
கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற முகத்தோடு யோசித்தார்.
"சரி. அதைக் கழித்துவிடு.
மற்றது எப்போது தெரியும்?"
"வெள்ளிக்கிழமை."
யன்னலில் இன்னும் ஏரி இல்லை.
போர்வைமேல் அவர் விரல்கள்
ஒவ்வொன்றாய் மடங்கத் தொடங்கின.