சந்திப்பிழை

உறை மெலிதாகத்தான் இருந்தது.
தோர்ஸ்ஹவ்ன் மருத்துவமனையின் முத்திரை,
என் பெயர், பிறந்த தேதி,
கீழே ஓர் எண்.
பத்தைத் தாண்ட வேண்டியது
இரண்டைக்கூடத் தொடவில்லை.

மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில்
கையுறையைக் கழற்றாமலே படித்தேன்.
செதில் ஒட்டிய விரலுக்கடியில்
என் இரத்தத்தைப் பற்றி ஒரு வாக்கியம்:
முந்நூறு கோடி எழுத்துகளில்
ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
அப்பா தந்த பிரதியிலும்
அம்மா தந்த பிரதியிலும்
அதே இடம், அதே எழுத்து.

நான்கே எழுத்துள்ள மொழியாம் அது.
உயிர் வேறு மெய் வேறு என்று பிரிக்காமல்
ஒன்றாகவே எழுதிப் போகிற மொழி.

தனித்தனியே இருவரிடமும் குறையில்லை.
அறுபத்தெட்டு வயதில்
அப்பா இன்னும் ஆடுகளின் பின்னால் மலையேறுகிறார்.
அம்மா பனிக்கடலில் நீந்துகிறாள், டிசம்பரிலும்.
இரு சொல் புணரும் இடத்தில்
ஓர் ஒற்று விழுந்துபோகுமே,
அப்படித்தான் நாங்கள் பிறந்தோம்.
நானும் ஹொக்னியும்.

ஹொக்னிக்கு உறை வரவில்லை.

கோபன்ஹேகனில் இரண்டு வருடம் படித்துவிட்டு
ஈஸ்டருக்கு வீடு வந்தவன்
இனி இறைச்சி தின்பதில்லை என்றான்.
அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.
"எட்டு மாதம் காற்றில் தொங்கிய ஆட்டுக்கால்.
இதையா வேண்டாம் என்கிறாய்?"
அவன் சிரித்தான்.
உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றான்.
ஞாயிறு தொண்டை வலி.
திங்கள் காய்ச்சல், மாத்திரை.
செவ்வாய் அவன் எழவில்லை.
"இதயம்" என்றார் மருத்துவர்.
அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு
பதினோரு வருடம் ஓட்டினோம்.

கடிதத்தின் மூன்றாம் பத்தி
வேறு கதை சொல்கிறது.
எங்கள் உடலுக்குப்
பிடித்துவைக்கத் தெரியாத ஒன்றை
வேளைக்கு வேளை நிரப்பிக்கொண்டிருந்தது
அந்த நாறும் ஆட்டுக்கால்தான்.
ஓட்டைக் குடம்,
ஆனால் ஓயாமல் ஊற்றியதால்
எத்தனையோ தலைமுறை
யாருக்கும் ஓட்டை தெரியவில்லை.

"என் பக்கத்திலிருந்தா?" என்று கேட்டாள் அம்மா.
"பாதி" என்றேன்.
அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு
மாடிக்குப் போய்விட்டாள்.

அப்பா ஜன்னலைப் பார்த்து நின்றார்.
ஆயிரம் ஆடுகளுக்கு நடுவிலும்
காதில் போட்ட வெட்டைக் கொண்டு
தன்னுடையதை அடையாளம் காண்கிறவர்.
"அப்படியென்றால் அன்றைக்கு
அவன் மட்டும் தின்றிருந்தால்..."

மூன்றாம் பத்தியை மடித்தேன்.
"அது இதில் இல்லை, அப்பா."

மறுநாள் ஆய்வகத்துக்குத் தொலைபேசினேன்.
வேறென்ன எழுதியிருக்கிறது எனக்குள் என்று கேட்டேன்.
எடுத்தவள் பெயர் ரன்வா, இளம் குரல்.
"அந்த ஓர் இடத்தை மட்டும்தான் பார்த்தோம்.
மற்றதைத் திறக்கவில்லை."

திறக்காத அந்தக் கோடிகளில்
எங்கேயாவது இருக்குமா
சிரிக்கும்போது இடது கண் மட்டும்
முழுதாக மூடிக்கொள்வது?
அவனுக்கு அப்படி. எனக்கும்.
தீவில் பிறந்தும் அவன் படகுக்குப் பயந்தது,
காபியில் உப்புப் போட்டுக் குடித்தது,
என்னிடம் வாங்கிய நூறு குரோனாவைத்
திருப்பித் தராமலே போனது,
இதற்கெல்லாம் எழுத்து உண்டா?
கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.
கண்ணுக்கு மட்டும்
கண்ணாடி போதும்.

மூன்று வேளையும் ஒரு கரண்டிப் பொடி.
வியர்வையில் மீன் நாற்றம் வரலாம் என்று
எச்சரித்திருக்கிறார்கள்.
நாள் முழுக்கக் காட் மீன் அரிகிறவளிடம்
யார் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?
பக்கத்து மேசை யோர்மன் மட்டும் ஒருநாள் மூக்கைச் சுளித்தான்.
அவனும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறான்.
உறைக்குக் காத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில்
அப்பா என் முகத்தைப் பார்க்காமல்
மெல்லிய துண்டுகளாகச் சீவி
என் தட்டில் வைத்துக்கொண்டே இருக்கிறார்.
நான்கு. ஐந்து. ஏழு.
பொடியே போதும் என்று
நான் இன்னும் சொல்லவில்லை.