வடகடலில் அலை இல்லை

கச்சான் அடிக்கிற மாதங்களில்
தங்கச்சிமடத்து வடகடல்
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடக்கும்.
கருணைராஜ் அண்ணனுக்கு அது தெரியாது.
பரமக்குடியிலிருந்து பைக்கில் வந்தார்,
வெள்ளைச் சட்டை, காலர் மைக்,
கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மேல் ஒரு கால்.
"அலையைப் பாருங்க நண்பர்களே,
அது ஓய்வெடுக்கிறதே இல்ல!"
பின்னால் ஒரு கொக்கு
முழங்கால் நனையாமல் நின்றுகொண்டிருந்தது.

நான்தான் அலை போட்டேன்.
இலவசமாகக் கிடைத்த அலை.
எந்த நாட்டுக் கரையில் பிடித்ததோ,
நடுவில் ஒரு நாய் வேறு மொழியில் குரைத்தது,
அதை மட்டும் துடைத்தேன்.
ஒரு ரீலுக்கு முந்நூறு ரூபாய்.
கடை வாடகையில் பாதி அவர் குரலிலிருந்து வருகிறது,
மீதி, ஊரார் உடைத்துக்கொண்டு வரும் டிஸ்பிளேக்களிலிருந்து.

கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம்.
காலை ஐந்து மணிக்கு எழுகிறவன் உலகை ஆள்வானாம்.
எங்கள் தெருவில் ஐந்து மணி என்பது
வலையில் நண்டு பிரித்துக் கை வீங்கி
இரண்டாவது டீ குடிக்கிற நேரம்.
யாரும் எதையும் ஆண்டதாகத் தெரியவில்லை.
சிரித்துக்கொண்டே எழுத்தைப் பெரிதாக்கினேன், மஞ்சளில்,
வார்த்தைக்கு வார்த்தை துள்ளும்படி.
சிரிக்க எனக்கென்ன யோக்கியதை,
என் பக்கத்தில் நானும்
'கனவைத் துரத்துபவன்' என்றுதான் போட்டிருக்கிறேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பின்தொடர்கிறார்கள்,
துரத்திக்கொண்டிருக்கிற ஒருவனை.

வெட்டுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி.
மூச்சு, இருமல், 'வந்து', 'அதாவது',
தண்ணீர் பாட்டில் மூடி திருகுகிற சத்தம்.
வெட்ட வெட்ட மனிதர்
நிற்காமல் ஓடுகிற பம்பு செட் ஆகிவிடுவார்.
அதற்குத்தான் லைக்.

அன்று மூன்றாவது டேக்கில் போன் வந்தது.
"சிலிண்டரா... சரி, பாக்கிறேன்...
அவன்கிட்டதான் சொல்லிட்டேன்ல, மாசக் கடைசின்னு."
வைத்துவிட்டு வள்ளத்தின் மேல் உட்கார்ந்தார்.
கேமராவை அணைக்க மறந்துவிட்டேன்.
பதினொரு நொடி.
மைக்கில் அவர் மூச்சு உரசுகிறது.
காட்சியின் ஓரத்தில் மங்களமேரி அக்கா
இடுப்பளவு நீரிலிருந்து பாசி மூட்டையை இழுத்து வருகிறார்,
மணலில் போடுகிறார்,
விரல்களில் சுற்றிய துணியை
ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்.
நாலாவது விரலோடு நொடிகள் தீர்ந்துவிடுகின்றன.
அவர் இவரைப் பார்க்கவில்லை. இவரும் அவரை.

ஷட்டரை இறக்கிவிட்டு அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.
தலைப்பு ஒன்று வைக்க நினைத்து
'உழைப்பே உயர்வு' என்று அடித்தேன்,
அக்கா பொய்யாகிப் போனார்.
'தோல்வியும் ஒரு பாடம்' என்றதும் அண்ணன்.
எழுத்தை அழித்தேன்.
இரண்டு பேரும் திரும்பி வந்து
அவரவர் இடத்தில் இருந்தார்கள்.
மூச்சுக்கு அடியில் காதை வைத்தால்
எங்கள் கடலின் சொந்தச் சத்தம்,
பக்கத்து அறையில் யாரோ துணி மடிப்பது மாதிரி.

அதை யாருக்கும் அனுப்பவில்லை.
கேட்ட ரீலை மட்டும் அனுப்பினேன், அலை சேர்க்காமல்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.
"ஜெரோமு, அலைச் சத்தம் வரலியே?"
"அன்னைக்கு அவ்வளவுதாண்ணே இருந்துச்சு."
திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
முந்நூறு ரூபாய் கண்முன் வந்து போனது.
"பின்னாடி கொக்கு ஒண்ணு நிக்குதே" என்றார்.
"ஆமாண்ணே."
"ரொம்ப நேரமா நின்னுச்சா?"
"நாம கிளம்புற வரைக்கும்."

அப்புறம் ஒன்றும் பேசவில்லை.
வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன்,
நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
"சரி, உன் கடையில சிலிண்டர் புக் பண்ண முடியுமா?"
"நம்பர் சொல்லுங்கண்ணே."
பதினேழு இலக்கம்.
ஒவ்வொன்றாகச் சொன்னார்,
நடுவில் ஒருமுறை இருமினார்.