ஆயிரத்தைந்நூறு புள்ளி

கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
ஒரு மடக்கு மேசை, மேலே குடை,
கிளிப்பில் ஆடும் லாட்டரிச் சீட்டுகள்.
அந்தப் பக்கத்து ஆட்கள் வாங்கி
எட்டாக மடித்து
பீடிக்கட்டுக்குள் செருகிக்கொண்டு போவார்கள்.
மூன்று மணிக்குக் குலுக்கல்.
அதற்குப் பிறகு மிஞ்சியவை
யாருக்கும் ஆகாதவை,
எனக்குப் பாடப்புத்தகம்.

வாட்ச் ரிப்பேர் ஹக்கீமிடம் இரவல் வாங்கிய
லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தால்
சீட்டில் மிதக்கும் தோணிக்கு
சொந்தமாக ஒரு நிறமும் கிடையாது.
நீலப்புள்ளி, மஞ்சள்புள்ளி, கறுப்பு,
சிவப்பும் இல்லாத ரோஸும் இல்லாத இன்னொன்று.
மஜெந்தா என்று வாயில் வர ஒரு வாரம் ஆனது.
ஒரு கட்டில் அது மயிரிழை விலகி
தோணிக்காரனுக்கு இரண்டு மூக்கு.
அந்தக் கட்டை மட்டும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வகுப்பு இரவு ஒன்பதுக்கு.
கல்லூரி கோட்டயத்தில், நான் பார்த்ததில்லை.
சஜீஷ் சாரின் முகம் தீப்பெட்டி அளவு.
மழை வந்தால் வாய் நின்றுவிடும்,
குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.
தாளின் ஓரம் தாண்டியும்
மூன்று மில்லிமீட்டர் வண்ணம் விடுங்கள்,
வெட்டுகிற கத்தி ஒருநாளும்
கோட்டின் மேலேயே போகாது என்றார்.
எனக்கு இது புதிதில்லை.
எங்கள் ரேஷன் கார்டு கேரளம்,
கிணறு தமிழ்நாடு.

நிஜ ஆள் ஒருவருக்கு நோட்டீஸ் செய்யச் சொன்னபோது
எதிரில் குலை இறக்கிக்கொண்டிருந்தார் கிட்டுச்சாமி.
போன தை வரைக்கும் அது வெறும் இளநீர்க் கடை.
கணக்குப் பார்த்த சம்சாரம் போன பிறகுதான்
கடைக்குப் பெயர் வந்தது:
மயிலாத்தாள் இளநீர்.

ஷிஃப்ட் பட்டன் உதிர்ந்த லேப்டாப்பில்
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
மூன்று சாமி, இரண்டு மகன், நாலு போன் நம்பர்,
சர்க்கரை உள்ளவர்கள் கேட்டுக் குடிக்கவும்.
பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி.
இன்னும் வார்த்தை இருக்கிறது,
இடம் இல்லை என்று அர்த்தம்.
சாமிகளை ஒன்றாக்கினேன், மகன்களை எடுத்தேன்.
சுற்றிலும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.
அவர் எட்டிப் பார்த்து,
'காசு குடுத்து வாங்குன தாளு புள்ள,
இத்தன வெள்ளையா உட்டா ஊரு சிரிக்காதா?'

பொள்ளாச்சி அச்சகத்தில் என் ஃபாண்ட் இல்லை.
வேறு எதையோ போட்டு ஓட்டிவிட்டார்கள்.
ஐந்நூறு தாள் வந்து இறங்கியது,
மறுபக்கம் மலையாளம் ஒரு குறையும் இல்லாமல்,
இந்தப் பக்கம் கொட்டை எழுத்தில்
மயிலாததாள இளநீர.
பிழை திருத்த அனுப்பிய படியை
போனில், வெயிலில், சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டே
சரி என்று தட்டிவிட்டவள் நான்தான்.

தாளுக்கு மூன்று புள்ளி.
கறுப்பு ஜெல் பேனா இரண்டு வாங்கினேன்,
ஒன்றை அவரிடம் நீட்டினேன்.
திட்டவில்லை. குலையை ஓரமாகத் தள்ளிவிட்டு
மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.
என் புள்ளிகள் அச்சு மாதிரி விழுந்தன.
அவர் வைத்ததெல்லாம் பெரிது,
ஒவ்வொன்றையும் அழுத்தி, ஒரு சுற்று சுற்றி,
பொட்டு வைக்கிற மாதிரி.
இளநீருக்குச் சின்னதாக வைத்தார்.
மயிலாத்தாளுக்குத்தான் அப்படி.
நான் தலை தூக்கவில்லை.
நடுவில் இரண்டு பேர் சீட்டுக் கேட்டார்கள்,
வயசான ஒருவர் இளநீர் கேட்டார்,
போய்ட்டு அப்புறம் வாங்க என்றோம்.

அவர் வைத்த தாள்களில் ஒன்றை ஸ்கேன் செய்து
மதிப்பெண்ணுக்கு அனுப்பினேன்.
வெள்ளை இடம் நன்று என்று எழுதியிருந்தார் சார்.
புள்ளிகள் ஒரே அளவில் இல்லை,
எழுத்துருவின் பெயர் என்ன?

கிட்டுச்சாமி என்று பதில் போட்டேன்.

அவர் இன்னும் நூற்றைம்பது ரூபாய் தர வேண்டும்.
கேட்டால் இளநீர் சீவுகிறார்.