இரண்டரை மீட்டர்

வானொலியில் பெனினாவின் குரல்
இன்னும் கொட்டாவி விட்டு முடிக்கவில்லை:
வடக்குத் தீவுகளுக்கு, திங்கள் முதல் ஞாயிறு வரை,
தென்கிழக்குக் காற்று மிதமாக.
அங்கங்கே மழை.
தெற்கிலிருந்து நெடிய அலை,
புதனன்று இரண்டரை மீட்டர்.
சிறு படகுக்காரர்கள் கவனம்.

கவனம் என்கிறாள்.
அவள் சொல்லுமுன்பே துடிக்க ஆரம்பித்துவிட்டது
என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்.

நியுட்டாவ் தீவுக்குத் துறைமுகம் கிடையாது.
பவளப் பாறையை வெடி வைத்துப் பிளந்த
ஒரு வாய்தான் உண்டு.
கப்பல் வெளியே ஆடிக்கொண்டு நிற்கும்.
நான் தகரப் படகில் போய்
ஆளையும் அரிசியையும் அள்ளி வருவேன்.
வரலாம் என்றால் பச்சைக் கொடி, வேண்டாம் என்றால் சிவப்பு.
இரண்டும் என் வீட்டு உத்தரத்தில் செருகியிருக்கின்றன.

புதன் கப்பலில் பல் டாக்டர் வருகிறார்.
வந்து எட்டு மாதமாகிறது.
பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டாகிவிட்டது.
போதகர் கையில் பட்டியல், முப்பத்தொரு பெயர்,
நான் பத்தொன்பது.
முதல் பெயர் அலேசனாவின் மகள்.
நாலு நாளாகப் பதநீர் மட்டும்தான் உள்ளே போகிறது.

திங்கள் மழை. தொட்டிகள் நிரம்பின.
செவ்வாய் காற்று செத்துவிட்டது,
கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது.
எங்கே உன் இரண்டரை மீட்டர் என்றார்கள்.
நான் பதில் சொல்லவில்லை.
வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு வலிக்கும்.

புதன்.
பொட்டு மேகம் இல்லை. தாழை இலை அசையவில்லை.
அந்தப் பளிச்சென்ற வெயிலில் வந்தது அலை,
தெற்கே, பனி விழும் ஏதோ ஒரு கடலில்
போன வாரம் எவனோ போட்ட சண்டைக்கு
இங்கே வந்து வட்டி கேட்டது.
சத்தமில்லாமல் உயர்ந்து
பாறைவாயில் எழுந்து நின்று
தன்னை யாரென்று காட்டிவிட்டு
விழுந்தது.
பதினான்கு நொடி.
மறுபடி.

கப்பல் வந்து நின்றது.
ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் டாக்டர் வசேமதா
கை அசைத்தார்.
இரண்டு மீட்டர்தான் இருக்கும், போ, என்றது பல்.
அதற்கென்ன தெரியும்?
கடலில் அது கண்டதெல்லாம் உப்பு மட்டும்தான்.
இரண்டு அலைக்கு நடுவே இடைவெளி தேடி
நாற்பது நிமிடம் எண்ணினேன்.
ஒருமுறை பச்சைக் கம்பைத் தொட்டேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பைத் தூக்கினேன்.

யாரும் திட்டவில்லை.
மகளின் செருப்பைக் கையில் வைத்திருந்த அலேசனா
அதை மணலில் போட்டான்,
பிறகு எடுத்துத் தட்டினான்.

கப்பலிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது:
எந்தப் பல்?

கரை முழுக்க விரல்கள்
கன்னத்துக்குப் போயின,
மேலே, கீழே, வலது, இடது.
அத்தனை தூரத்தில் என்ன தெரிந்திருக்கும்?
ஆனாலும் அவர் எதையோ எழுதிக்கொண்டார்.
கப்பல் நனுமங்கா பக்கம் திரும்பியது.

ராத்திரி, தாடையைத் தலையணையில் அழுத்தியபடி
பெனினாவைக் கேட்கிறேன்.
சனிக்கிழமை ஒன்றே முக்கால் மீட்டர்.
ஒரு நொடி நிறுத்துகிறாள், தாள் புரளும் சத்தம்.
கணிப்பின் உறுதி: நடுத்தரம்.

பாட்டரி தீர்ந்துவிடுமே என்று
அணைக்கிறேன்.
அலை அணையவில்லை.
பதினான்கு. மறுபடி. பதின்மூன்று.