அடைப்புக்குறிக்குள் உப்பு

பட்டர்வொர்த்தில் ஏறி
ஜார்ஜ்டவுனில் இறங்குவதற்குள்
இரண்டு காட்சிகள் படிக்கலாம்.
கடல் முரண்டுபிடித்தால் மூன்று.

சௌராஸ்தா சந்தை மாடியில் நாலு வெள்ளிக்கு வாங்கியது.
அட்டை இல்லை, எழுதியவர் பெயரும் அதோடு போயிருந்தது.
எந்தக் காலத்திலோ நடித்த யாரோ
ஓரங்களில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்:
'இங்கே மூச்சு.'
'இங்கே கையைப் பார்க்காதே.'

முதல் காட்சியில் அண்ணன்
தம்பியின் விரல்களை ஒடிக்கிறான்.
ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மாதத்தின் பெயர்.
ஆனிக்கு வரும்போது தம்பி சொல்கிறான்:
'அது மாம்பழ மாதம், மெதுவாக.'

படகின் பின்தட்டில் ஒரு குழந்தை
பிஸ்கட்டை உடைத்து உடைத்துக்
கடலில் போட்டுக்கொண்டிருந்தது.
பக்கத்தை மடித்தேன்.
அந்த வரி அசிங்கமாக இருந்திருந்தால்
புத்தகத்தையே மூடியிருப்பேன்.
மாம்பழம்தான் விடவில்லை.

என் வேலை லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்.
தமிழில் விழும் அடியை
மலாயில் எடுத்துக் கொடுப்பது.
'செருப்பாலேயே சாத்துனான்யா' என்றால்
'டியா புக்குல் டெங்ஙான் செலிப்பார்.'
அந்த 'யா'வுக்கு மலாயில் இடமில்லை.
அழுகை முழுக்க
அந்த 'யா'வில்தான் இருந்தது.
பதினெட்டு வருஷத்து 'யா'க்களை
எங்கே கொட்டினேன் என்று தெரியவில்லை.

வாசலில் பையைத் திறந்து பார்க்கும் ரொஸ்னா கேட்பாள்,
'சண்டைக் கதையா?'
'இல்லை, ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்கிறது.'
பொய்யில்லை.
இரண்டாம் காட்சியில் சாப்பிடத்தான் உட்கார்கிறார்கள்.
அவள் கணவனின் சட்டையைத் தேய்க்கிறாள்,
அவன் இன்னும் அதற்குள் இருக்கிறான்.
பிறகு அடைப்புக்குறிக்குள்
இரண்டே வாக்கியங்கள்:
(கூரையிலிருந்து உப்பு பெய்கிறது.
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.)

எத்தனை மூட்டை வேண்டும்,
நடிகர்களின் கண்ணில் விழாதா,
இரவு யார் கூட்டுவது,
இப்படியே யோசித்துப் படித்துறையைத் தவறவிட இருந்தேன்.
பென்சில் சொன்னது:
'இங்கே சிரிப்பார்கள். காத்திரு.'

அன்று மூன்றாம் அறையில் சாட்சி தேவகுமாரி,
வயது நாற்பத்தொன்று, புக்கிட் மெர்தாஜாம்,
இடது கையில் இன்னும் கட்டு.
'பிறகு என்ன நடந்தது?'
பெயர்த்துக் கேட்டேன்.
குளிர்சாதனம் ஓடியது.
குமாஸ்தாவின் விரல்கள் விசைப்பலகைமேல்
பத்தும் முழுதாக
காத்துக்கொண்டிருந்தன.

நீதிபதி என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாததற்கும் நான் ஒரு சொல் தரவேண்டும்.
'சக்சி டியாம், யாங் ஆரிப்' என்றேன்.
சாட்சி பேசவில்லை.
அதையும் தட்டிக்கொண்டார்கள்.
அவள் பேசாமலிருந்த விதம்
எந்த வரியிலும் ஏறவில்லை.

பிறகு, கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி,
தனக்குச் சொல்வதுபோல்:
'அன்னிக்குச் சாம்பார்ல
உப்பு கூடிப்போச்சுயா.'

பின்வரிசையில் தமிழ் தெரிந்த யாரோ
களுக்கென்று சிரித்தார்கள்.
நீதிபதிக்கு இன்னும் எதுவும் தெரியாது.
'மொழிபெயர்ப்பாளர்?' என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன்.
வெள்ளைத் தகடுகள், ஒரு குழல்விளக்கு,
வேறொன்றுமில்லை.
சிரிப்பு அடங்கும்வரை
வாயைத் திறக்கவில்லை.